ஐந்து பை போதாது

அலாஸ்காவில் மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. கொம்பு கடைசியாகத்தான் காட்டை விட்டு வர வேண்டும். உண்ணத்தக்க கறி முழுவதும் வெளியேறிய பிறகோ, கறியின் கடைசிச் சுமையோடு சேர்த்தோதான் கொம்பைத் தூக்கலாம். நான்கு கால்களின் கறி, கழுத்து, நெஞ்சு, விலா, முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளக் கறி என எதையும் விட்டுவிட்டு வர முடியாது. விட்டு வந்தால் குற்றம். ஓராண்டு வரை சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நல்ல சட்டம். ஆனால் அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது எவ்வளவு பெரிய வேலை என்பதை மூஸ் என்னும் அந்தப் பெரிய மானை நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். நன்கு வளர்ந்த ஆண் மூஸ் 700 கிலோவைக்கூடத் தாண்டலாம். அதிலிருந்து எலும்பு நீக்கிய கறி மட்டும் 225 கிலோ அளவுக்குத் தேறும். சாலை கிடையாது. ஆற்றங்கரையிலோ ஏரியிலோ மிதவை விமானம் வந்து இறங்கும் இடம் வரை எல்லாம் மனித முதுகில்தான் வர வேண்டும். ஒரு நடைக்கு 30 கிலோ என்று வைத்தாலும் ஏழெட்டு நடை. காலடியில் பஞ்சு மெத்தைபோல அமுங்கும் சதுப்பு; இடுப்பளவு புதர்; எந்த நேரமும் மோப்பம் பிடித்து வரக்கூடிய பழுப்புக் கரடி. இந்த ஏழெட்டு நடை ஒரே நாளில் முடியாது. இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். மேகம் விலக விமானம் காத்திருந்தால் இன்னும் இரண்டு நாள்.

அத்தனை நாளும் அந்த 225 கிலோ கறியைக் காப்பது ஒரு துணிப்பை. வேட்டைக்காரர்கள் 'கேம் பேக்' என்று சொல்லும் இறைச்சிப் பை. துப்பாக்கியைப் பற்றியும் தோட்டாவின் எடையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிற உலகத்தில், இந்தப் பையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது: எடை எவ்வளவு? எடை குறைந்த பைதான் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குறைத்த எடையை என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எடை குறைந்த ஐந்து பைகளை வாங்கி, மிச்சமான எடையை எண்ணி மகிழ்ந்து, அதோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்த மிச்சத்தை இன்னும் கூடுதல் பைகளாக மாற்றிக் கொண்டுபோவதே சரி.

அதற்கான காரணம் கறிக்குள் இருக்கும் சூட்டில் இருக்கிறது.

மான் இனத்து விலங்கின் உடல்சூடு உயிரோடு இருக்கும்போது 38, 39 பாகை செல்சியஸ். பாக்டீரியா பெருகுவதற்கு அது உகந்த சூடு. 4 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் அவற்றின் வேகம் அடங்கும். மூஸின் பின்னந்தொடையைப் பாருங்கள்: எலும்போடு 50 கிலோவுக்குக் குறையாது, இரண்டு கைகளாலும் கட்டிப் பிடிக்க வேண்டிய பருமன். வெளிப்புறம் தொட்டால் சில்லென்று இருக்கும். உள்ளே, இடுப்பில் பொருந்தும் அந்த உருண்டை மூட்டைச் சுற்றி, மறுநாள் காலையிலும் சூடு தங்கியிருக்கும். அங்கேதான் முதலில் கெடும். எலும்பை ஒட்டிப் பச்சை பூத்து, புளித்த வாடை அடிக்கும் அந்தக் கேட்டை அமெரிக்க வேட்டைக்காரர்கள் 'போன் சவர்' என்பார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து கத்தி வைக்கும்போதுதான் தெரியும்.

சூடு வெளியேறும் கணக்கு எளிது. கறித்துண்டின் கனம் இரு மடங்கானால் அது ஆற ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். கனத்தைப் பாதியாக்கினால் கால் பங்கு நேரம் போதும். அப்படியானால் ஒரு பின்னந்தொடையை முழுசாக ஒரே பையில் திணிப்பதைவிட, எலும்பு நீக்கி இரண்டு பையாகப் பிரித்துத் தொங்கவிடுவது கறிக்கும் நல்லது, தூக்குகிறவரின் முதுகெலும்புக்கும் நல்லது. பை கையிருப்பில் இருந்தால்தானே பிரிக்க முடியும்? கடையில் ஒரு தொகுப்பாக விற்பது பெரும்பாலும் நான்கு கால்களுக்கு நான்கு பெரிய பை, உதிரிக் கறிக்கு ஒரு சின்னப் பை. ஐந்தே ஐந்து. எல்க் மானுக்கே அது இழுபறி. மூஸுக்கு எந்த வகையிலும் போதாது. கால்களின் கறிக்கு எட்டு, விலாக் கறிக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று, முதுகுக் கறிக்கு ஒன்று, உதிரித் துண்டுகளுக்கு ஒன்று, இதயத்துக்கும் ஈரலுக்கும் ஒன்று. ஆக, பதினான்கு.

பதினான்கா என்று மலைக்க வேண்டாம். தடித்த காடாத் துணியில் தைத்த பழைய பெரிய பை ஒன்று அரைக் கிலோவை நெருங்கும். ஐந்து பை என்றால் இரண்டு, இரண்டரைக் கிலோ. இன்று கிடைக்கும் நைலான், பாலியெஸ்டர் பைகளில் நல்லவை 100 முதல் 150 கிராமுக்குள் அடங்குகின்றன. பதினான்கும் சேர்ந்து இரண்டு கிலோவை எட்டிப் பிடித்தால் அதிகம். பழைய காலத்தில் ஐந்து பை சுமந்தவர் இன்று அதே எடைக்குப் பதினான்கு சுமக்கலாம். எடை குறைந்த துணி தந்த உண்மையான கொடை இதுதான்.

ஆனால் எடை குறைவு என்ற பெயரில் விற்கும் எல்லாமே ஒன்றல்ல. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும், கையில் எடுத்தால் காற்றுப்போல இருக்கும் பை ஒன்று உண்டு. வலைபோல நெய்த பருத்திக் குழாய்த் துணி. சுருட்டினால் கைக்குட்டை அளவு. எடைப் பட்டியலில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். அதில் கறியை இட்டுத் தொங்கவிட்டதும் துணி இழுபட்டு, கண்கள் விரிந்து, ஊதுவத்தி நுழையும் அளவுக்கு ஓட்டையாகும். ஈ உள்ளே போக வேண்டிய தேவைகூட இல்லை. துணிமேல் உட்கார்ந்தபடியே முட்டையிட்டுவிடும். புதரில் ஒருமுறை மாட்டினால் நெடுக்கக் கிழியும். இந்த எடைக் குறைவு ஏமாற்று. அதை வாங்காமல் இருப்பதே கறிக்குச் செய்யும் மரியாதை.

ஈயைப் பற்றிச் சொல்லும்போது கிறிஸ்டோபர் மெக்கான்ட்லெஸை நினைக்காமல் இருக்க முடியாது. ஜான் க்ராகவரின் நூல் வழியாகவும், ஷான் பென் இயக்கி 2007இல் வந்த திரைப்படம் வழியாகவும் உலகம் அறிந்த இளைஞர். 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் ஹீலி ஊருக்கு மேற்கே ஸ்டாம்பீட் பாதையில் தனியாக நடந்துபோய், கைவிடப்பட்ட பேருந்து ஒன்றில் தங்கினார். ஜூன் 9 அன்று சிறு துப்பாக்கியால் ஒரு மூஸை வீழ்த்தினார். அத்தனை நாள் அணிலும் பறவையும் தின்று காலம் தள்ளியவருக்கு மலையளவு உணவு. கறியைப் புகை போட்டுக் காக்க வேண்டும் என்று தெற்கு டகோட்டாவில் வேட்டைக்காரர்களிடம் கேட்டு வந்திருந்தார். கரையில் குழி தோண்டி, புகை மூட்டி, ஈயும் கொசுவும் மொய்க்க மொய்க்க நாட்கணக்கில் பாடுபட்டார். ஐந்தாம் நாள் கறியில் புழு. மிச்சத்தை ஓநாய்களுக்கு விட்டார். அந்த மூஸைக் கொல்லாமலே இருந்திருக்கலாம் என்று வருந்தி நாட்குறிப்பில் எழுதினார். செப்டம்பரில் அவர் உடலைப் பேருந்துக்குள் கண்டவர்கள் மூஸ் வேட்டைக்கு வந்தவர்கள்.

நெருக்கமாக நெய்த பை அவரிடம் இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஜூன் மாத வெயிலில், தனி ஆளாக, ஒரு முழு மூஸை எந்தப் பையும் மாதக்கணக்கில் காப்பாற்றியிருக்காது. அதற்கு அந்த மண்ணின் மக்களான குவிச்சின், கொயுகான் இனத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்வதைப்போல, கறியை மெல்லிய பட்டைகளாக அரிந்து, கம்பத்தில் காற்றாட உலர்த்த வேண்டும். நம் பக்கத்து உப்புக்கண்டத்தைக் கோத்துக் காயவைக்கும் கொடியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. ஆனால் அரிந்து முடிப்பதற்கு நாள் வேண்டும். அந்த முதல் இரண்டு மூன்று நாட்களை வாங்கித் தருவதுதான் பையின் வேலை. வெதுவெதுப்பான காற்றில் ஈ முட்டை ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் இடும் பூச்சி அது. முதல் மணி நேரத்தில் துணி குறுக்கே நின்றதா இல்லையா என்பதிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும். ஆகவே, முதல் காலை வெட்டி எடுத்த உடனே அதைப் பையில் இட வேண்டும். நான்கையும் வெட்டிப் பரப்பி வைத்துவிட்டுப் பிறகு பையைத் தேடுவது தவறு.

இனி துணிக்கு வருவோம். பை ஈயைத் தடுக்க வேண்டும், அதே சமயம் காற்றை விட வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது பாவும் ஊடும் நெருங்கிய நெசவு மட்டுமே. காற்று போனால் கறியின் மேற்பரப்பு உலர்ந்து, விரலால் தொட்டால் லேசாக ஒட்டுகிற ஒரு தோல் படியும். சில மணி நேரம் கழித்து அது கருஞ்சிவப்பாகி, காய்ந்த தோல்போல இறுகும். அந்தத் தோலே கறிக்குக் கவசம். பாக்டீரியாவுக்கு வேண்டிய ஈரம் அங்கே இல்லை; முட்டை வைக்க ஈரமான இடம் தேடும் ஈக்கும் அது பிடிக்காது. காற்று போகாத பையில் இந்தத் தோல் படியவே படியாது. குப்பைக்கான பிளாஸ்டிக் பையில் சூடான கறியைக் கட்டி வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக் கட்டிப்போடும் அந்தப் பழக்கத்தால் போன கறிக்குக் கணக்கே கிடையாது. போதாததற்கு, குப்பைப் பைகளில் பல உணவு வைப்பதற்காகச் செய்தவை அல்ல. நாற்றம் போக்க மருந்து கலந்தவையும் உண்டு. விதிவிலக்கு ஒன்றுதான்: வெயில் கொளுத்தும்போது கறியை நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த ஓடையில் சிறிது நேரம் அமிழ்த்தி ஆற்றலாம். ஆறியதும் எடுத்து, மறுபடி துணிக்கு மாற்றிவிட வேண்டும்.

நைலான் என்று எழுதியிருப்பதாலேயே ஒரு பை நல்லதாகிவிடாது. கூடாரத் துணிபோல உள்பக்கம் பூச்சுப் பூசிய நைலானும் எடை குறைவுதான். அது பிளாஸ்டிக் பைக்கு உறவு. சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். துணியை உதட்டில் அழுத்திப் பிடித்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும். சிரமப்பட்டுப் போனாலும் சரி, போக வேண்டும். அடுத்து, பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தையலைப் பார்க்க வேண்டும். ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறதா, ஊசி ஓட்டைகள் இழுபட்டுப் பெரிதாகியிருக்கின்றனவா என்பது அங்கே தெரியும். பை கிழிவது பெரும்பாலும் துணியில் அல்ல, தையலில். துணியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடினால் இன்னும் நல்லது. முள் குத்திய கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். கடைசியாக, தொங்கவிடும் வளையம். 25 கிலோவை இரவு முழுவதும் அதுதான் தாங்கப் போகிறது. அதை இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பார்க்கக் கூச்சப்படக் கூடாது.

பருத்தியை ஆதரிப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஈரத் துணியில் காற்று பட்டால் குளிர்ச்சி. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதே முறையில்தான். அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலங்களில் செப்டம்பர் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி பயன்படும். ஆனால் அலாஸ்காவின் செப்டம்பர் தூறல் வேறு. காற்றே ஈரமாக இருக்கும்போது பருத்தி உலராது. ரத்தத்தையும் மழையையும் குடித்து ஊறி, கனத்து, கறியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதன் பஞ்சிழைகளைக் கறியிலிருந்து பிரித்தெடுப்பது தனி வேலை. செயற்கை இழை பருத்தியைப்போல நீரைக் குடிப்பதில்லை. உதறி, காற்றில் அரை மணி நேரம் தொங்கவிட்டால் மறுபடியும் தயார். இங்கேதான் கூடுதல் பைகளின் அருமை இன்னொரு முறை தெரியும். நனைந்த பையைக் கழற்றிவிட்டு உலர்ந்த பைக்குக் கறியை மாற்றலாம். நனைந்ததை ஓடையில் அலசிப் புதர்மேல் போடலாம். ஐந்து மட்டும் வைத்திருப்பவரால் இதைச் செய்ய முடியாது.

வீட்டுப் பழைய தலையணை உறையில் கறி கொண்டுவருபவர்களையும் குறைசொல்ல வேண்டியதில்லை. மான் விழுந்த இடத்திலிருந்து வண்டி கூப்பிடு தூரத்தில் நின்று, பெட்டியில் பனிக்கட்டியும் காத்திருந்தால், நெருங்கிய நெசவுள்ள அந்த உறை ஒரு மாலைப்பொழுதுக்குத் தாராளமாகப் போதும். இங்கே பேச்சு, நாட்கணக்கில் நடந்து போகிறவர்களைப் பற்றியது. டால் என்னும் காட்டுச் செம்மறிக்காக ஆகஸ்ட் 10 அன்று பருவம் திறந்ததும் அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் ஏறுகிறவர்கள் பல் துலக்கும் தூரிகையின் கைப்பிடியைக்கூட அறுத்து எடை குறைப்பவர்கள். அவர்களுக்குக்கூட மூன்று பைக்குப் பதில் ஐந்து, ஆறு எடுத்துப் போகச் சொல்வது நியாயமே. ஆகஸ்ட் மாத மலைச் சரிவில் மதிய வெயில் சுளீரென்று அடிக்கும்.

எலும்பு நீக்குவதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அலாஸ்காவின் சில வட்டாரங்களில், சில விலங்குகளுக்கு, காட்டை விட்டு வெளியேறும் வரை கறி எலும்போடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. எலும்போடு இருந்தால் கறி முழுசாக வந்ததா என்று அதிகாரிகள் சரிபார்க்கலாம் என்பது அதன் நோக்கம். அங்கே பெரிய பை தவிர வழியில்லை. ஆனால் எலும்பை ஒட்டிக் கத்தியால் நீளமாக, ஆழமாகக் கீறிவிட்டால் மூட்டின் சூடு வெளியேற வழி கிடைக்கும். அமெரிக்காவின் பிற மாநிலங்களில் நிலைமை நேர்மாறு. 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ஓர் ஆய்வுக்கூட மான்களிடம் முதலில் கண்ட மூளைச் சிதைவு நோய் இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. தலையையும் முதுகெலும்பையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல இடங்களில் தடை. எலும்பு நீக்கிய கறிக்குத் தடை இல்லை. அங்கே எலும்பு நீக்குவது சட்டப்படியும் நல்லது. ஆனால் எலும்பு போன கறி உருவமற்றுச் சரியும். அகலமான பையில் இட்டால் அடியில் உருண்டு ஒரே திரளாகிவிடும். திரண்ட கறி ஆறாது. முதுகில் வைத்தாலும் ஆடி ஆடி நடையைத் தளர்த்தும். குறுகி நீண்ட பையில் இட்டால் முதுகோடு ஒட்டி நிற்கும், தொங்கவிட்டால் நாலாபுறமும் காற்று படும்.

விலையைப் பேசாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது. தரமான பைகள் ஒரு தொகுப்பு நூறு டாலரைத் தாண்டும். மூன்று தொகுப்பு என்றால் யாரும் யோசிப்பார்கள். ஆனால் வெளி மாநிலத்திலிருந்து அலாஸ்காவுக்கு மூஸ் வேட்டைக்கு வருபவர் உரிமத்துக்கு 160 டாலர், மூஸ் சீட்டுக்கு 800 டாலர் கட்டித்தான் காலடி வைக்கிறார். விமானக் கட்டணம் அதைவிடப் பெரிது. துப்பாக்கியின் தொலைநோக்கிக்கு ஆயிரம் டாலர் கொடுக்கத் தயங்காதவர், 225 கிலோ உணவைக் காக்கும் துணிக்கு முந்நூறு கொடுக்கலாம். நைலான் பையைத் தீப்பொறி படாமல் கணப்பிலிருந்து தள்ளித் தொங்கவிட்டு, வெயிலில் மாதக்கணக்கில் போட்டுவைக்காமல் பார்த்துக்கொண்டால் பல பருவங்களுக்கு வரும்.

வீடு திரும்பியதும் பலர் பைகளைச் சுடுதண்ணீரில் போடுகிறார்கள். சுடுநீர் பட்டால் ரத்தம் துணியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு இரவு ஊற வேண்டும், சிவப்பு இறங்க இறங்கத் தண்ணீரை மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் வாசனை இல்லாத சோப்பு. துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம்; அதன் மணம் அடுத்த ஆண்டுக் கறியில் ஏறும். நிழலில் உலர்த்தி, தையல் விட்டதைத் தைத்து, சுருக்குக் கயிறு அறுந்ததை மாற்றி, மடித்து அடுக்கும்போது எண்ணிக்கொள்ள வேண்டும். காட்டில் ஏதாவது புதரில் ஒன்று தங்கிவிடுவது வழக்கம். பதிமூன்றுதான் இருந்தால், அடுத்த செப்டம்பருக்கு முன்னால் ஒன்று வாங்க வேண்டும்.